மூன்று நிமிடத்துக்கு உயர்த்திய டேபிள்: சேலத்தின் ஓர் அறுவை அரங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

சேலத்தில் 60 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். எங்கள் அறுவை அரங்கில் வேலை செய்யும் ஓர் அறுவை மருத்துவருக்குக் கழுத்திலும் தோளிலும் கட்டைவிரலிலும் வந்த தொல்லையையும், அதற்காக 2023 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை நாங்கள் செய்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தொல்லைக்கு நானும் ஒரு காரணமாக இருந்திருக்கிறேன். அளந்து பார்க்கும் வரை அது எனக்கே தெரியாது.

பின்னணி

அந்த அறுவை மருத்துவருக்கு வயது 44. உயரம் 152 செ.மீ., கையுறை அளவு 6. பொது அறுவை சிகிச்சையில் 16 ஆண்டு அனுபவம். வாரத்துக்கு எட்டு முதல் பத்து கேஸ் செய்வார். அதில் பாதிக்கு மேல் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் வாயு நிரப்பி, சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை: பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி பக்கமிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். அம்மாபேட்டையில் குழித்தறி நெய்த குடும்பத்தில் பிறந்தவர். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அதே அரங்கில் இன்னொரு மூத்த அறுவை மருத்துவரும் இருக்கிறார். அவர் உயரம் 175 செ.மீ. அரங்கு அமைத்த காலத்தில் டவர் (லேப்ராஸ்கோபித் திரையும் கருவிகளும் வைக்கும் அடுக்குத் தட்டு), விளக்கு, டிராலி எல்லாம் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்தான். அப்போது வேறு அறுவை மருத்துவர் இல்லை, அதனால் அதில் தவறும் இல்லை.

லேப்ராஸ்கோபியில் உடம்பு படும் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-இல் முதன்முதலாக இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். 1990-இல் மும்பையில் அது தொடங்கியது. இன்று தாலுகா ஊர்களிலும் நடக்கிறது. நோயாளிக்குத் தழும்பு சிறிது, வலி குறைவு, இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம். செய்பவரின் உடம்புக்கு அந்தச் சௌகரியம் இல்லை. திறந்த அறுவையில் கை போகும் இடத்துக்கே கண்ணும் போகும், உடம்பு தானாக இப்படி அப்படி நகர்ந்துகொள்ளும். லேப்ராஸ்கோபியிலோ ஓரடிக்கு மேல் நீளமுள்ள கம்பி ஒரு துளை வழியாக உள்ளே போகிறது. கையை இடப்பக்கம் கொண்டுபோனால் நுனி வலப்பக்கம் போகும். கண் திரையில், கை வேறிடத்தில், கால் பெடலில். இந்த மூன்றையும் கட்டிப்போட்ட மாதிரி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும்.

வலி வெளியே தெரிந்த நாள்

2023 ஜூனில் ஒரு பித்தப்பை கேஸ். பழைய அழற்சியால் எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. பித்தப்பை வெளியே வந்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகு, தையல் போடும் நேரத்தில் அவர் ஜூனியரிடம் நீடில் ஹோல்டரைக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். வழக்கமாகத் தையலைத் தானே போடுபவர் அவர். கையுறையைக் கழற்றி வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "விரல் இருக்கிறதே தெரியல சார்," என்றார்.

நோயாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி அதுவாக இருக்கும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை பேசும்போதுதான் மற்றவை தெரிந்தன. கழுத்து வலி நான்கு ஆண்டாக இருக்கிறது. வலது தோள் வலி இரண்டு ஆண்டாக. மாதம் ஒருமுறை ஏற்காட்டுக்கு முகாம் போவார். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கழுத்தைத் திருப்ப முடியாமல், ஒரு வருடமாகக் கணவர்தான் கார் ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று, நான்கு நாள் வலி மாத்திரை. யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வலிக்கிறது என்று சொன்னால் கேஸ் செய்ய முடியாதவர் என்று பேச்சு வரும், பெண் என்பதால் அது இன்னும் சீக்கிரம் வரும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து ஆறு ஆண்டாக அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

முதல் ஆறு வாரம்: உடம்பை மட்டும் பார்த்தோம்

எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். எலும்பு மருத்துவர் பார்த்தார். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வயதுக்கு ஏற்ற தேய்மானம் மட்டும் இருந்தது. நரம்புப் பரிசோதனையில் மணிக்கட்டில் நரம்பு அழுந்தவில்லை என்று தெரிந்தது. கட்டைவிரலின் வெளி ஓரத்தில் ஓடும் சிறு நரம்புதான் அழுந்தியிருக்கிறது, லேப்ராஸ்கோபிக் கருவியின் வளையம் அழுத்தும் இடம் அதுதான் என்றார் நரம்பியல் மருத்துவர். பிசியோதெரபி, கழுத்துப் பயிற்சி, இரண்டு வாரம் ஓய்வு.

ஓய்வில் வலி குறைந்தது. திரும்பி வந்து நான்காவது கேஸில் பழையபடி ஆகிவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் கேட்ட ஒரு கேள்விதான் பாதையை மாற்றியது. "மேடம் தியேட்டர்ல எப்படி நிற்கிறாங்கன்னு நான் ஒரு தடவை பார்க்கலாமா?" ஆறு வாரமாக அவரைக் கட்டிலில் படுக்கவைத்தும் நாற்காலியில் உட்காரவைத்தும்தான் பரிசோதித்திருந்தோம். வலி வரும் இடத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

அளந்து பார்த்தது

ஆகஸ்ட் முதல் வாரம், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம். ஆடியில் அவசரமில்லாத அறுவைகளை மக்கள் தள்ளிப்போடுவார்கள் என்பதால் தியேட்டர் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் தொப்பி, மாஸ்க் போட்டு மூன்று கேஸ்களுக்கு மூலையில் நின்றார். நோயாளி தெரியாதபடி பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தோம். டேப் வைத்து அளந்தோம். கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தால் பாதி தவறாகச் சொல்லியிருப்போம்.

டேபிளின் மெத்தை தரையிலிருந்து 86 செ.மீ. உயரத்தில் இருந்தது. வாயு நிரம்பிய வயிறு அதற்கு மேல் ஏறக்குறைய 27 செ.மீ. துளைக்கு வெளியே நிற்கும் கருவியின் பிடி இன்னும் 14 செ.மீ. மேலே. ஆக அவர் கை வேலை செய்த உயரம் 127 செ.மீ. செருப்போடு நிற்கும்போது அவருடைய முழங்கை உயரம் 97 செ.மீ. லேப்ராஸ்கோபியில் பிடி முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும், முழங்கை 90 முதல் 120 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. இவர் 30 செ.மீ. மேலே கையைத் தூக்கிப் பிடித்து, தோளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வேலை செய்திருக்கிறார்.

திரை டவரின் உச்சித் தட்டில் இருந்தது. நடுப்பகுதி 172 செ.மீ. அவர் கண் உயரம் 143. திரை கண்ணுக்குக் கீழே 10 முதல் 25 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். இங்கே அவர் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு இன்னொன்றும் இருந்தது. பித்தப்பை கேஸில் அவர் நோயாளியின் இடப்பக்கம் நிற்பார், திரை நோயாளியின் வலது தோளுக்கு அப்பால் இருக்க வேண்டும். அப்போதுதான் கண், கருவி, உறுப்பு, திரை எல்லாம் ஒரே கோட்டில் வரும். எங்கள் டவர் கால்பக்கமாகத் தள்ளி நின்றது. உடம்பு வலப்பக்கம் பார்த்து வேலை செய்ய, கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

டவர் ஏன் அங்கே நின்றது? தோளுக்கு அப்பால் இருந்த இடத்தை என் மயக்க மருந்து மெஷினும் மருந்து டிராலியும் பிடித்திருந்தன.

மின்சாரத்தால் திசுவை வெட்டவும் ரத்தத்தை உறையவைக்கவும் பயன்படும் காட்டரியின் பெடல்கள், நோயாளியை மூடிய டிரேப் துணிக்குக் கீழே எங்கோ கிடக்கும். மஞ்சள் பெடல் வெட்ட, நீலப் பெடல் உறையவைக்க. தவறிக்கூட மஞ்சளை மிதித்துவிடக் கூடாது என்பதால் அவர் வலது பாதத்தை நீலத்தின் மேல் தூக்கியபடியே வைத்திருந்தார். முழு எடையும் இடது காலில். படத்தைப் பார்க்கும் வரை அவருக்கே இது தெரியாது.

உடல் நிலையை மதிப்பிட பிசியோதெரபிஸ்ட் பயன்படுத்தியது ரூலா என்ற முறை. 1993-இல் இங்கிலாந்தில் உருவானது. 1 முதல் 7 வரை மதிப்பெண் தருவார்கள், 7 என்றால் உடனே மாற்ற வேண்டும். மூன்று கேஸ்களில் இரண்டு முறை 7, ஒரு முறை 6.

டேபிள் உயரத்தின் காரணம்

டேபிள் ஏன் 86-இல் இருந்தது என்று கேட்டதற்கு முதலில் எல்லோரும் மூத்த மருத்துவரைத்தான் காட்டினார்கள். அவர் உயரம், அவர் வைத்த அளவு என்று. அதனால் அவரையும் அளந்தோம். அவர் முழங்கை 113 செ.மீ. கருவிப் பிடி 127. அவருக்குமே அது 14 செ.மீ. அதிகம். தன் தோள் வலியை வயதுக் கணக்கில் எழுதி வைத்திருந்தார்.

அப்படியானால் அந்த உயரம் யாருக்கானது? எனக்கானது. மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது நோயாளியின் முகம் என் நெஞ்செலும்பின் கீழ் நுனி மட்டத்தில் இருந்தால் வசதி. ரிமோட் என் கைக்குப் பக்கத்தில் தொங்கும். ஒவ்வொரு கேஸிலும் டேபிளை உயர்த்துவேன், டியூப் போடுவேன், ரிமோட்டை மாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். டேபிளை யாரும் இறக்கவில்லை, இறக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மூன்று நிமிட வேலைக்காக உயர்த்திய டேபிளில் இரண்டு பேர் ஆண்டுக்கணக்காக மணிக்கணக்கில் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

நிர்வாகம் புது டேபிள் வாங்கத் தயாராக இல்லை. இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும் என்று முடிவானது. சரி, செலவில்லாததிலிருந்து தொடங்கலாம் என்றோம்.

டியூப் போட்டு முடிந்ததும் நானே டேபிளை அடிமட்டத்துக்கு இறக்குவது என்பது முதல் முடிவு. மெத்தை 74 செ.மீ.க்கு வந்தது. லேப்ராஸ்கோபிக்கு 64 முதல் 77 வரை சொல்கிறார்கள், அதற்குள் அடங்கியது. பிடி இப்போது 115. மூத்த மருத்துவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இவருக்கு இன்னும் 18 செ.மீ. மிச்சம். நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி இடப்பக்கம் சாய்த்த பிறகு இந்தக் கணக்கு நான்கைந்து செ.மீ. மாறும். அதனால் வாயு ஏற்றி, சாய்த்த பிறகுதான் இறுதி உயரத்தைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அந்த 18 செ.மீ.க்கு மேடை தேவைப்பட்டது. ஸ்டோரில் கிடந்த இரண்டு மரப்படிகளைச் சேர்த்துப் போட்டோம். மூன்றாம் நாளே விட்டுவிட்டோம். ஒன்று மற்றதைவிட ஒரு விரல்கடை உயரம், நடுவில் இடைவெளி, பெடல் அதில் சிக்கியது. மேடையில் நிற்பவர் இறங்கும்போது கால் இடறினால் ஆபத்து நோயாளிக்கும்தான்.

அப்புறம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை தெரிந்த கைகளுக்கு சேலத்தில் பஞ்சமில்லை. படம் வரைந்து கொண்டுபோயிருந்தோம். பட்டறைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "யாரு நிக்கப்போறாங்க? என்ன செருப்பு? எத்தனை மணி நேரம் நிப்பாங்க?" என்று கேட்டார். மறுநாள் தியேட்டருக்கு வெளியே வந்து, மருத்துவரை அட்டையின் மேல் நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். "காலை எங்க வெச்சா சௌகரியமா இருக்குங்க டாக்டரம்மா, அங்கயே வெச்சுக் காட்டுங்க."

அப்போதுதான் மருத்துவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். வீட்டில் தறிக்குழி தோண்டும்போது அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, மிதி எட்டும் ஆழம் பார்த்துத்தான் தோண்டினாராம். அண்ணன் நெய்ய வந்தபோது குழியில் செங்கல் அடுக்கி ஆழத்தைக் குறைத்தார்களாம். "தறிக்கு இதைச் செய்தார்கள். டேபிளுக்கும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை," என்றார்.

மேடை 304 ரக ஸ்டீலில் வந்தது. உயரம் 20 செ.மீ., மேலே வழுக்காத ரப்பர், தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டை. வலது முன்பக்கம் பெடல் உட்காரப் பள்ளம் வைத்தார்கள். இனி குதிகாலை ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் இறக்கினால் போதும். செலவு ரூ.14,000.

திரையை டவரின் உச்சியிலிருந்து எடுத்து, அதே பட்டறையில் செய்த சக்கர ஸ்டாண்டில் மாட்டினோம். நடுப்பகுதி 130 செ.மீ. மேடையில் நின்றால் அவர் கண் உயரம் 163, திரை தூரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய 15 டிகிரி கீழ்ப்பார்வை. ஸ்டாண்டுக்கு இடம் விட என் மெஷினை 40 செ.மீ. பின்னால் நகர்த்தினேன். அதற்கு ஆக்சிஜன் குழாயும் வயரும் நீளமாக வேண்டியிருந்தன, ஒரு வாரம் இழுத்தது. வாயு அழுத்தம் காட்டும் கருவியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அது 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கிறதா என்று அறுவை மருத்துவரும் பார்க்க வேண்டும், நானும் பார்க்க வேண்டும். அதனால் டவரில் அதை மட்டும் மேல்தட்டுக்கு ஏற்றினோம்.

கருவிப் பிடி விஷயத்தில் பெரிதாகச் செய்ய முடியவில்லை. சந்தையில் கிடைக்கும் பிடிகள் பெரிய கைக்காகவே செய்யப்பட்டவை. கையுறை அளவு 6 உள்ளவர் வளையத்துக்குள் கட்டைவிரலை அடி வரைக்கும் நுழைத்தால்தான் பிடிக்கவே முடிகிறது. ராட்செட் (பிடியைப் பூட்டி நிறுத்தும் பல்) இல்லாத பிடிகளுக்கு மாறினோம். வெறுமனே பிடித்து நிறுத்தும் நேரங்களில் விரலை வளையத்திலிருந்து எடுத்து உள்ளங்கையால் பிடிக்கப் பழகினார். பழக்கத்தை மாற்ற அவருக்கு இரண்டு மாதம் ஆனது. முழுத் தீர்வு இது இல்லை. சிறு கைக்கான பிடிகளைச் செய்ய வேண்டியவர்கள் கருவி செய்பவர்கள்.

இடைநிறுத்தம்

அதிகம் விவாதம் நடந்தது இதில்தான். ஜெர்மனியின் ஹனோவரில் குழந்தைகள் லேப்ராஸ்கோபியில் அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள். மொத்த நேரம் கூடவில்லை, அறுவை செய்தவரின் உடலில் மன அழுத்த ஹார்மோன்கள் குறைந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றரை நிமிடம் போதும் என்கிறது.

மூத்த மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் கருவி இருக்கும்போது கைகால் நீட்டுவதா என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் விதியை அவரையே எழுதச் சொன்னோம். ரத்தக்கசிவு இருந்தால் கிடையாது, குழாய்களை அடைக்கும் கிளிப் போடும் கட்டத்தில் கிடையாது, கருவிகள் எல்லாம் வெளியே வந்த பிறகே நிறுத்த வேண்டும், கை மார்புக்குக் கீழே போகக் கூடாது. தோளைப் பின்னால் சுழற்றுவது, தாடையை உள்ளிழுப்பது, குதிகாலை ஏற்றி இறக்குவது, 90 வினாடி. நேரத்தைச் சொல்வது என் பொறுப்பு. அரை மணி ஆனதும் "மேடம், அரை மணி," என்பேன். அவர் "கிளிப் முடியட்டும்," என்று சொன்னால் காத்திருப்பேன்.

முதல் மாதம் பாதி நேரம் அவர் மறுத்துவிட்டார். வலி வந்த பிறகுதான் நிறுத்தத் தோன்றுகிறது, அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது என்று அவரே கவனித்துச் சொன்ன பிறகு ஒழுங்காக நடந்தது.

எதிர்பாராமல் வந்தவை

மேடையின் முதல் வடிவம் 100 செ.மீ. அகலம். கேமரா பிடிக்கும் ஜூனியர் அருகில் நிற்க இடமில்லாமல் தள்ளி நின்று கையை நீட்டிப் பிடித்தார். மூன்று வாரத்தில் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. பட்டறையில் கொடுத்து 75 செ.மீ.க்குக் குறைத்தோம்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. மேடையின் எடை 22 கிலோ. ஒவ்வொரு கேஸுக்கும் தூக்கி வைத்து, எடுத்துக் கழுவி, மறுபடி வைப்பவர் தியேட்டர் உதவியாளர் அண்ணன். அவருக்கு வயது 53. நாலாவது வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மருத்துவரின் கழுத்திலிருந்து இறக்கிய பாரத்தை அவர் இடுப்பில் ஏற்றி வைத்திருந்தோம். அவர் புகார் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லாததற்கு இருந்த காரணத்தைவிட அவருக்கு இருந்த காரணம் பெரியது. மருத்துவரே முதலில் நிறுத்தினார், சக்கரம் வரும் வரை மேடை வேண்டாம் என்று. ஒரு பக்கம் இரண்டு சக்கரமும் மறுபக்கம் கைப்பிடியும் வைத்து, சாய்த்துத் தள்ளும்படி மாற்றி வந்தது.

அந்த நாட்களில் எல்லோரையும் அளக்கத் தொடங்கியபோது, ஸ்க்ரப் சிஸ்டர் பக்கம் திரும்பினோம். அவர் உயரம் 148 செ.மீ. கருவிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்றுதான் அவர் ஒன்பது ஆண்டாகக் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். தினமும் பார்த்திருக்கிறோம். யாரும் கேட்டதில்லை. அவருக்கும் 15 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை செய்தோம்.

ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) எல்லை பற்றியும் சிஸ்டர்தான் எச்சரித்தார். அங்கியின் முன்பக்கத்தில் மார்பு முதல் டேபிள் மட்டம் வரைதான் ஸ்டெரைல். டேபிளை இறக்கி ஆள் மேடையேறினால் அங்கியின் எந்தப் பகுதி டேபிளைத் தொடுகிறது என்பது மாறிவிடும். எல்லோரும் இருக்கும் உயரத்துக்கு வந்த பிறகே டிரேப் போடுவது, இடையில் மேடையேறுவதோ இறங்குவதோ கூடாது என்பது அவர் வைத்த விதி.

பின்னர் நடந்தது

கட்டைவிரல் மரத்துப்போவது ஐந்தாவது வாரத்தில் நின்றது. கழுத்து வலிக்கு அவர் 10-க்குத் தந்த எண் ஜூலையில் 7, பிப்ரவரியில் 2. மாத்திரை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. தோள் வலி 6-இலிருந்து 4-க்கு வந்து அங்கேயே நிற்கிறது. இரண்டு ஆண்டு தாமதத்தின் விலை அது என்று நினைக்கிறேன். ரூலா மதிப்பெண் 3-க்கு வந்தது. கேஸ்களின் நேரம் எங்கள் பதிவேட்டைப் பார்த்த வரையில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரே ஒருவரின் அனுபவம் இது. எத்தனையோ மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்தோம், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தைராய்டு போன்ற திறந்த அறுவைகளில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக் குனிந்து செய்யும்போது கழுத்து வலி இன்னும் வருகிறது. அதில் நாங்கள் கை வைக்கவில்லை.

சறுக்கலும் உண்டு. அக்டோபரில் ஒரு ஞாயிறு இரவு, அவசர குடல்வால் கேஸ். வேறொரு மயக்க மருத்துவர் பணியில் இருந்தார். டேபிள் 86-இலேயே நின்றது, மேடை ஸ்டோரில் பூட்டியிருந்தது. மறுநாள் காலை அறுவை செய்த எங்கள் மருத்துவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் என் நினைவில் மட்டும் இருந்ததுதான் காரணம். அதன் பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் 2008 பாதுகாப்புப் பட்டியலில் கத்தி வைக்கும் முன் நிறுத்திப் படிக்கும் பகுதியில் "டேபிள், திரை, பெடல்" என்று ஒரு வரி சேர்த்தோம். வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவருக்கும் உரிய டேபிள் உயரமும் மேடை உயரமும் எழுதியிருக்கிறோம். சரிபார்த்துக் குரல் கொடுப்பது சிஸ்டர்.

மூத்த மருத்துவர் டிசம்பரில் தானாகவே, "அரை மணி ஆகலையா இன்னும்?" என்று கேட்டார்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

முதல் ஆறு வாரத்தை வீணாக்க மாட்டோம். வலி என்று ஒருவர் சொன்ன அன்றே, அவர் வேலை செய்யும் இடத்தில் வைத்து அளப்போம். எம்.ஆர்.ஐ.க்கு முன்பே அதைச் செய்திருக்கலாம். டேப் ஒன்றுதான் தேவைப்பட்டது.

மேடை செய்யும் முன் அதைத் தூக்கப்போகிறவரைக் கேட்டிருப்போம். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பட்டறைக்காரர் நிற்பவரைப் பற்றிக் கேட்டார், தூக்குபவர் யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில் செய்திருந்தால் எது பலன் தந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்ல முடிந்திருக்கும். வலியில் இருப்பவரைக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை. இன்றும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

புது டேபிள் வாங்கும்போது எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு உயரம் போகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எவ்வளவு கீழே இறங்கும் என்று நாம்தான் கேட்க வேண்டும். எங்கள் நிர்வாகம் அடுத்த ஆண்டுக்கான கொள்முதல் பட்டியலில் அதிகபட்ச மெத்தை உயரம், குறைந்தபட்ச மெத்தை உயரம் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறது. இரண்டாவது வரியை எழுதச் சொன்னவர் ஸ்க்ரப் சிஸ்டர்.

ஜனவரி முகாமுக்கு மருத்துவர் ஏற்காட்டுக்குத் தானே கார் ஓட்டிப் போனார். இறங்கி வரும்போது அடிவாரத்திலிருந்து எனக்குப் போன் செய்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து ஓட்டியதாகச் சொன்னார்.